கடைசிக் கயிற்றுக்காரி பேலியோ இருந்த கதை

எங்கள் ஊரில் என் எடைக்கு ஒரு மரியாதை உண்டு. குண்டான பெண்ணைப் பார்த்தால் மற்ற ஊர்களில் சிரிப்பார்கள். எங்கள் ஊரிலும் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் மார்கழி பிறந்துவிட்டால் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். அதில் எங்கள் அணிக்குக் கடைசி ஆள் நான்.

கடைசி ஆள் என்றால் இளப்பமாக நினைத்துவிடக் கூடாது. முன்னால் ஏழு பேர் இழுப்பார்கள், கத்துவார்கள், பேர் வாங்குவார்கள். கயிற்றின் நுனியை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, தோளுக்கு மேல் போட்டு, குதிகாலை மண்ணில் பதித்துப் பின்னால் சாய்ந்து நிற்பவள்தான் கடைசிக்காரி. அவள் நகராதவரை அணி நகராது. பன்னிரண்டாவது முடித்த கையோடு கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள் நான். அப்போதே பூசினாற்போல்தான் இருப்பேன். வந்த வருஷமே என்னைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கயிற்றின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். புகுந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் பதவி அது.

தாயில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். காலையில் இரண்டு வேன் வரும். மஞ்சள் வேன் நான் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனிக்குப் போகும், நீல வேன் வேறொரு கம்பெனிக்கு. இரண்டும் நிற்கிற இடம் ஒன்றுதான், மெயின் ரோட்டு நிழற்குடை. அதற்குள் ஒரே ஒரு சிமெண்ட் பெஞ்சு. நெருக்கி உட்கார்ந்தால் ஏழெட்டுப் பேர் உட்காரலாம். அந்த பெஞ்சு யாருக்கு என்று இரண்டு வேன்காரிகளுக்கும் தினமும் சண்டை வந்ததால், எப்போதோ யாரோ ஒரு முடிவு கட்டியிருக்கிறார்கள். மாட்டுப் பொங்கல் கயிற்றில் எந்த வேன் ஜெயிக்கிறதோ, அடுத்த பொங்கல் வரை பெஞ்சு அந்த வேனுக்கு. தோற்ற வேன் நிற்க வேண்டும். இதை எங்கும் எழுதி வைக்கவில்லை. பஞ்சாயத்தில் கேட்டால் அப்படி ஒரு சட்டமே கிடையாது என்பார்கள். ஆனால் மழை கொட்டினாலும் ஒருத்தி மீறி உட்கார்ந்தது கிடையாது.

போன பொங்கலுக்கு முந்தின பொங்கலில் நாங்கள் தோற்றோம். நீல வேனுக்குக் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு மருமகள் புதிதாக வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியவளாம். என்னைவிட ஒரு சுற்றுப் பெரியவள், சிரித்த முகத்தோடு எங்களை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து நின்றோம். எனக்கு முழங்கால் வலி உண்டு. வேனோ சொன்ன நேரத்துக்கு வந்த வழக்கமே இல்லை. நாங்கள் காலை மாற்றி மாற்றி ஊன்றி நிற்கும்போது நீல வேன்காரிகள் பெஞ்சில் உட்கார்ந்து பூக்கட்டுவார்கள், ஒருத்திக்கு ஒருத்தி தலை வாரிவிடுவார்கள், சிலர் சாய்ந்து குட்டித் தூக்கம்கூடப் போடுவார்கள். நின்றால் உடம்புக்கு நல்லது என்று எங்களுக்கு அறிவுரை வேறு. எனக்கு வயிறு எரியும். அடுத்த பொங்கலில் அந்த பெஞ்சைப் பிடித்தே தீர வேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷம் எனக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததாக நினைவில்லை.

இப்படி ஓர் ஆசையை மனசில் வைத்துக்கொண்டு எடையைக் குறைக்கக் கிளம்பிய புத்திசாலி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதற்குக் காரணம் என் நாத்தனார்.

என் வீட்டுக்காரரின் தங்கை அவள். விருதுநகரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளைக்குப் பருப்பு வியாபாரம். வீட்டு முன்னறையில் துவரம்பருப்பு மூட்டை, பின்னறையில் உளுத்தம்பருப்பு மூட்டை. ஆனால் அவள் அதில் ஒரு பருப்பைக்கூட வாயில் வைப்பதில்லை. பேலியோ. சோறு, இட்லி, தோசை, பருப்பு, கிழங்கு, பழம், சீனி எல்லாம் விலக்கு. கறி, முட்டை, வெண்ணெய், பாதாம், பனீர் மட்டும் உண்டு. அதில் அவள் பாதியாக இளைத்துவிட்டாள் என்பதை மறைக்க முடியாது, மறைக்க அவளும் விடமாட்டாள். கல்யாண வீட்டுக்கு வந்தால் பழைய போட்டோவைக் காட்டிவிட்டுத்தான் பந்திக்குப் போவாள். பந்தியில் இலையைப் பார்த்து அவள் முகம் சுளிப்பதைப் பார்த்தால் பரிமாறுகிறவருக்கே கை கூசும்.

போன தீபாவளி முடிந்து கம்பெனி லீவு விட்டிருந்தபோது அவள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாள். நாங்கள் போயிருந்தோம். வாசலில் பந்தல் போட்டு பிளாஸ்டிக் சேர் போட்டிருந்தார்கள். நான் உட்காரப் போனேன். அவள் அந்தக் கடைசியிலிருந்து ஓடி வந்து, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "மதினி, அதுல உக்காராதீக. ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு சேரு போட்டுத் தாரேன்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் பந்தலில் இருந்த எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. யாரோ இரண்டாவது சேரை எடுத்து வந்து அடுக்கினார்கள். நான் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டேன். வீட்டுக்குக் கிளம்பும் முன்பே அவளைத் தனியாகக் கூப்பிட்டு என்னையும் பேலியோவில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். அப்போது எனக்குக் கயிறு ஞாபகமே வரவில்லை.

அவள் மறுநாளே ஒரு பை நிறையச் சாமான்களோடு வந்து இறங்கினாள். ஆதிமனிதன் காட்டில் வேட்டையாடித் தின்ற சாப்பாடு இதுதான், அவனுக்குச் சுகரும் கிடையாது, முழங்கால் வலியும் கிடையாது என்று ஆரம்பித்தாள். ஆதிமனிதன் வெண்ணெய்க்கு எந்த மாட்டைக் கறந்தான் என்று கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. பனீர் எந்தக் காட்டில் மேய்ந்தது என்று என் வீட்டுக்காரர் கேட்டதையும் வாங்கவில்லை. டீயில் ஒரு கட்டி வெண்ணெயைப் போட்டுக் கடைந்து என் கையில் கொடுத்தாள். முதல் மடக்கில் உதட்டில் மெழுகு பூசினாற்போல் இருந்தது. இரண்டாவது மடக்கில் எனக்கு வந்த யோசனை, இதை விளக்கில் ஊற்றினால் நின்று எரியும் என்பதுதான். அவள் முகத்தைப் பார்த்து நல்லாயிருக்கு என்று சொல்லி வைத்தேன்.

முதல் பத்துப் பதினைந்து நாள் எனக்குக் கொண்டாட்டமாகவே போனது. உள்ளதைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கறி எடுப்பது ஞாயிற்றுக்கிழமைதான். அதிலும் பெரிய துண்டு எனக்கு வந்து சேர்ந்ததே இல்லை. இப்போது கறிச்சட்டி என் முன்னால் இருந்தது, வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டு ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு இளைக்க ஆட்டுக்கறி தின்ன வேண்டும் என்று சொன்ன மகராசன் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தினேன். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் திண்டாட்டம். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் கவிச்சி புழங்காது. பனீரும் தேங்காயும் பாதாமும்தான். பாதாமை இவர் வேறு போகிற போக்கில் ஒவ்வொரு பிடியாக அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். அச்சாபீசுக்கு லோடு வண்டி ஓட்டுகிறவர், காலண்டர் கட்டுத் தூக்கித் தூக்கிப் பசிக்கிறது என்பார்.

அப்புறம்தான் சோற்று ஆசை வந்தது. பசி இல்லை, வயிறு கம்மென்றுதான் இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டில் சோறு வடிக்கிற வாடை வந்தால் என் கால் தானாக வாசலுக்குப் போகும். டீக்கடையில் சாத்தூர்ச் சேவு பொட்டலம் தொங்குவதைப் பார்க்காமல் இருக்க ரோட்டின் எதிர்ப்பக்கமாக நடப்பேன். விருதுநகருக்கு ஒரு வேலையாகப் போனபோது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எண்ணெய்ப் பரோட்டா பொரிகிற சத்தம் கேட்டது. அதைக் கடந்து வந்தது என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய சாதனைகளில் ஒன்று. நாத்தனாரிடம் சொன்னேன். காலிபிளவரைத் துருவி வேகவைத்தால் சோறு மாதிரியே இருக்கும் என்றாள். வைத்துப் பார்த்தேன். காலிபிளவர் மாதிரியே இருந்தது.

கம்பெனி திறந்ததும் புதுத் தொல்லை ஒன்று வந்தது. அவளுடைய வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு விதி. ஒவ்வொரு வேளையும் தட்டைப் போட்டோ எடுத்துப் போட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் போனை உள்ளே கொண்டுபோக முடியாது. கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனால் சாயங்காலம்தான் திரும்பக் கையில் வரும். இதை எத்தனை தடவை சொன்னாலும் குரூப்பில் இருந்த டவுன்காரிகளுக்குப் புரியவில்லை. மத்தியானத்தில் நான் ஒளிந்து சோறு தின்கிறேன் என்று அவர்களுக்குச் சந்தேகம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தின்ற முட்டையின் ஓட்டை எல்லாம் டிபன் பாக்சிலேயே பத்திரமாக எடுத்து வந்து, சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வந்ததும் மூடியில் பரப்பிப் போட்டோ எடுத்து அனுப்பினேன். வேனில் ஏறக் காத்திருந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அந்தப் போட்டோவுக்குக் குரூப்பில் கைதட்டல் கிடைத்தது. நான் அதை முழு வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாடுதான் என்னைக் கொஞ்சம் வாட்டியது. எங்கள் பேக்கிங் ஆட்கள் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அவரவர் டப்பாவை அவரவர் தின்று முடிப்பது என்கிற பழக்கமே எங்களுக்கு இல்லை. ஒருத்தி புளிச்சோறு ஒரு கை கொடுப்பாள், இன்னொருத்தி அதன்மேல் ஒரு கரண்டி கூட்டு வைப்பாள். டப்பா ஒரு சுற்றுச் சுற்றி வரும்போது யாருடையது எது என்றே தெரியாது. நான் முட்டையோடு உட்கார்ந்ததிலிருந்து அந்தச் சுற்று என்னிடம் வந்ததும் என்னைத் தாண்டிப் போனது. கொடுக்கவும் வாங்கவும் இல்லாமல் வட்டத்தில் உட்கார்ந்திருப்பது எனக்கு என்னவோ போல இருந்தது.

எடை குறைந்தது. அதை நான் மறுக்கமாட்டேன். வளையல் தளர்ந்து முழங்கை வரை ஓடியது. ஜாக்கெட்டை இரண்டு பக்கமும் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன். கண்ணாடியில் என் தாடையைப் பல வருஷம் கழித்துப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது, நாலு பேர் கேட்க வேண்டும் என்றும் இருந்தது. கேட்டார்கள். மஞ்சள் வேனில் எல்லாரும் என்ன ரகசியம் என்று கேட்டார்கள். ஒருத்தி மட்டும் கேட்கவில்லை. அவள் எங்கள் வேனின் லீடர். தினமும் தலை எண்ணி ஆள் ஏற்றுகிறவள், கயிற்றில் எங்களுக்கு முன் ஆள். வயதில் மூத்தவள் என்பதால் எல்லாரும் பெரியக்கா என்போம். என்னை இடுப்பில் இருந்து கால் வரை பார்த்துவிட்டு வெற்றிலையைத் துப்பப் போய்விட்டாள்.

மார்கழி பிறந்ததும் கயிறு இழுத்துப் பழக ஆரம்பித்தோம். என் வீட்டுக்காரர் வண்டியில் லோடு கட்டுகிற கயிற்றை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போவோம். அணியில் எட்டுப் பேர் ஒரு பக்கம், வேனில் மிச்சமிருக்கும் சின்னப் பெண்கள் மறுபக்கம். அந்தப் பெண்களுக்கு எங்களை இழுக்கத் தெம்பு கிடையாது, எங்களுக்குக் கை பழகுவதற்காக நிற்பார்கள். அன்று நான் வழக்கம்போலக் கயிற்றைச் சுற்றிக் குதிகாலை ஊன்றினேன். பெரியக்கா குரல் கொடுத்தாள். அடுத்த நிமிஷம் மைதானம் என் காலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது, கண்ணை இருட்டியது, கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. கல்யாணம்கூட ஆகாத பெண்கள் என்னை இழுத்துப் போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டார்கள். இழுத்த அவர்களே பயந்துபோய்க் கயிற்றை விட்டுவிட்டார்கள்.

எடை குறைந்ததால் மட்டும் நடந்தது இல்லை அது. எடை இன்னமும் எனக்குத் தாராளமாகவே இருந்தது. உள்ளே தெம்புதான் இல்லை. மைதானத்து வேலிக்கு அந்தப் பக்கம் நீல வேனின் கபடிக்காரி மாட்டுக்குப் புல்லுக்கட்டோடு நின்று பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள். எனக்கு அவமானமாக இருந்தது. இன்னொரு வருஷம் நிற்க வேண்டும் என்று நினைத்ததும் முழங்கால் அங்கேயே வலித்தது.

பெரியக்கா என்னைத் திட்டவில்லை. என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து என் கெண்டைக்காலை நீவிவிட்டாள். "ஏத்தா, நீ மெலி, வேண்டாங்கல. ஒன் ஒடம்பு, ஒன் இஷ்டம். ஆனா கடைசியில நிக்க வேற ஆளப் பாத்துருவமான்னு மட்டும் சொல்லிரு" என்றாள். கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள். அன்று ராத்திரி நான் பட்டர் டீயை வைத்தபடியே வைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் மத்தியானம் வேப்பமரத்தடியில் டப்பா சுற்றி வந்தது. பெரியக்காவின் டப்பாவில் முந்தின நாள் வைத்த கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. அது என்னைத் தாண்டப் போகும்போது நான் கையை நீட்டினேன். பெரியக்கா ஓர் உருண்டை வைத்தாள். வாயில் போட்டேன். ஆறிப்போன சோறு, ஒரு நாள் ஊறின குழம்பு, நடுவில் ஒரு கத்தரிக்காய்த் துண்டு. என் தொண்டையில் இறங்கினது எனக்குத் தெரிந்தது. என்னையும் அறியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரம் என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. இன்னொரு உருண்டை வந்தது, அதற்குள் வலது பக்கமிருந்து ஒருத்தி புளிச்சோறும் இடது பக்கமிருந்து ஒருத்தி அவித்த மொச்சையும் நீட்டினார்கள். என்னுடைய முட்டைகள் வட்டத்தைச் சுற்றிப் போயின, திரும்பி வரவில்லை. அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் நான் கட்டிய கிப்ட் பாக்சுகளைப் பார்த்து சூப்பர்வைசரே என்ன வேகம் என்று கேட்டார்.

சாயங்காலம் கேட்டில் போனை வாங்கியதும் நானே நாத்தனாரைக் கூப்பிட்டேன். ஒளித்துத் தின்றேன் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. அவள் உடைந்து போய்விட்டாள்.

"எம்புட்டுக் கஷ்டப்பட்டுக் கொறைச்சீக மதினி. ஒரு வாய்ச் சோத்துல எல்லாத்தையும் கெடுத்துட்டீகளே. ஒங்களுக்கு மெலியணும்னு ஆசையே இல்லையா?"

"இருக்கு தாயி. பெஞ்சு மேல அதவிட ஆசை கூட."

அவளுக்குப் பெஞ்சு என்றால் என்ன என்று தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அவளும் இதே மஞ்சள் வேனில் போனவள்தான். விருதுநகரில் அதை யாரிடமும் சொல்வதில்லை, அவ்வளவுதான். எடை ஏறினால் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். முட்டை ஓட்டுக்குக் கைதட்டின அதே பெண்கள்தான்.

அப்புறம் நான் ஓர் ஒழுங்குக்கு வந்தேன். வாரம் ஒரு நாள் கம்பெனிக்கு வருகிற டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். சீனியை விடு, சோற்றை அளவாக வை, காயைக் கூட்டு, சாயங்காலம் நட என்றார். டீயில் வெண்ணெய் போடு என்று அவர் சொல்லவே இல்லை. காலையில் கம்மங்கூழ், மத்தியானம் வட்டத்தில் சுற்றி வருகிற சோறு, ராத்திரி இரண்டு தோசை, அது முடிந்தால் மைதானம். போன எடையில் கொஞ்சம் திரும்பி வந்தது, மிச்சம் வரவில்லை. தெம்பு முழுசாகத் திரும்பி வந்தது. பொங்கலுக்கு முன்னால் அந்தச் சின்னப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து இழுத்தும் என் குதிகால் அசையவில்லை.

மாட்டுப் பொங்கலன்று நாத்தனார் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் ஒரு தூக்குவாளி. அதில் காலிபிளவரில் செய்த சர்க்கரை இல்லாத சர்க்கரைப் பொங்கல். வீட்டில் வைத்த வெண்பொங்கலை நல்லபடியாக ஒரு தட்டுத் தின்றுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன்.

ஊரே திரண்டு நின்றது. மூன்று இழுப்பு, இரண்டில் ஜெயிக்கிற வேனுக்குப் பெஞ்சு. முதல் இழுப்பில் எங்கள் நடு ஆள் ஒருத்தி சறுக்கினாள், கொத்தாக விழுந்தோம். நீல வேன்காரிகள் அப்போதே பெஞ்சு தங்களுக்குத்தான் என்று கும்மி தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டாவது இழுப்பில் பெரியக்கா அவசரப்படவே இல்லை. அவர்கள் இழுத்து இழுத்து மூச்சு வாங்கும் வரை பிடித்து மட்டும் வைக்கச் சொன்னாள். பிடித்து வைப்பது என் வேலை. அவர்கள் தளர்ந்ததும் ஒரே வெட்டில் கொண்டுவந்துவிட்டோம்.

மூன்றாவது இழுப்பு நெடுநேரம் போனது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒவ்வொருத்தரும் ஒன்று சொல்வார்கள். எதிர்ப்பக்கம் கடைசியில் கபடிக்காரி இருந்தாள், சிரிப்பு அவள் முகத்தில் இல்லை. கயிறு எங்களுக்கு நடுவில் கம்பியாக நின்றது. தோளில் கயிறு அறுத்தது, உள்ளங்கை எரிந்தது, முழங்கால் விட்டுவிடு என்று கெஞ்சியது. நான் வானத்தைப் பார்த்துச் சாய்ந்து கிடந்தேன். வருஷம் பூராவும் நின்ற நிற்பை எல்லாம் நினைத்துப் பார்த்தேன், மழையில் நனைந்ததை, அவர்கள் பூக்கட்டியதை. எனக்கு ஆத்திரம் வந்தது. நல்ல ஆத்திரம், வயிற்றில் சோறு இருக்கும்போது வருகிற ஆத்திரம். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் மற்ற எல்லாக் குரலையும் மிஞ்சிக் கேட்டது. "மதினி, விட்றாதீக. சாயுங்க மதினி, சாயுங்க." என் நாத்தனார். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டு ஓரத்துக்கே வந்து, டவுன் சேலை மண்ணில் புரள, மஞ்சள் வேனுக்குக் கத்திக்கொண்டிருந்தாள்.

நான் சாய்ந்தேன். என் உடம்பில் உள்ளது அத்தனையும், குறைந்தது போக மிச்சம் இருந்தது, திரும்ப வந்தது, எல்லாவற்றையும் சேர்த்துச் சாய்ந்தேன். ஒரு சாண் வந்தது. அப்புறம் ஒரு முழம் வந்தது. பெரியக்கா குரல் கொடுக்கவும் மொத்தமாக வந்துவிட்டது, நாங்கள் எட்டுப் பேரும் ஒருவர் மேல் ஒருவர் மல்லாந்து விழுந்தோம். அடியில் நான். எனக்கு வலிக்கவே இல்லை. கிடந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தேன். கபடிக்காரி வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அடுத்த வருஷம் பாத்துக்கிடுறேன் யக்கா என்றாள். வா என்றேன்.

மைதானத்திலேயே அண்டா நிறைய வைத்திருந்த சர்க்கரைப் பொங்கலை எல்லாருக்கும் கொடுத்தார்கள். நாத்தனார் இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று சொல்லி ஒரு கரண்டி வாங்கினாள். அப்புறம் அதே சொல்லைச் சொல்லி இன்னொரு கரண்டி வாங்கினாள். மறுநாளிலிருந்து மறுபடி பேலியோதான் இருக்கிறாள், இன்றைக்கும் ஒல்லியாகத்தான் இருக்கிறாள். அவளுக்கு அது ஒத்துவருகிறது, இருந்துவிட்டுப் போகட்டும். அந்தத் தூக்குவாளிப் பொங்கலை மட்டும் எங்கள் வீட்டு மாடுகூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

பொங்கல் லீவு முடிந்து வேலைக்குக் கிளம்பிய முதல் காலை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. நான் நிழற்குடைக்குப் போனபோது எங்கள் ஆட்கள் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள், ஆனால் ஒருத்தியும் உட்காரவில்லை. நீல வேன்காரிகள் எதிரே ரோட்டோரத்தில் நின்றிருந்தார்கள். பெரியக்கா முந்தானையால் பெஞ்சின் நடுவைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "மொதல்ல நீ உக்காருத்தா. ஒடுங்கி உக்காராத, நல்லா வசதியா உக்காரு. நாங்க மிச்சத்துல உக்காந்துக்கிடுதோம்" என்றாள்.

உட்கார்ந்தேன். சிமெண்ட் ஜில்லென்று இருந்தது. பஸ்ஸிலும் பந்தியிலும் கல்யாண வீட்டிலும் எத்தனையோ வருஷமாக உடம்பை ஒடுக்கி, கையைச் சேர்த்துப் பிடித்து, பக்கத்தில் இருப்பவருக்கு இடிக்காமல் உட்கார்ந்தே பழகியவள் நான். அன்று கால்களைப் பரப்பி, தோளை விட்டு, ஒரு பெண் எவ்வளவு இடம் எடுத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு மற்றவர்கள் உட்கார்ந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, அதிசயமாகச் சொன்ன நேரத்துக்கு, மஞ்சள் வேன் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. மறுபடி அடித்தார். பெரியக்கா என்னைப் பார்த்தாள், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி," என்றேன் நான். "இப்பத்தான உக்காந்திருக்கோம்."